கேளாச் செவிக்கு எழுத்து

1972-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்று, ஜூலியா சைல்ட் அம்மையாரின் சமையல் நிகழ்ச்சியை எழுத்துகளுடன் ஒளிபரப்பியது. 1980-இல் வேண்டியோர் மட்டும் காணும் எழுத்துவரிகள் வந்தன. அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்ததாம்! 2009-இல் பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் முறையை யூடியூப் கொண்டுவந்தது. அதற்காக உழைத்த பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர் என்பதை அறிந்து நாங்கள் வியந்தோம்.

ஆயினும், இயந்திரம் 'பள்ளி'யைப் 'பல்லி' ஆக்கிவிடக்கூடும். நமக்கு அது வேடிக்கை. செவிப்புலன் இல்லாதவர் அப்பிழையை எவ்வாறு அறிவார்? எழுத்தைத்தானே அவர் நம்பியிருக்கிறார்! ஆகவே, காணொளியை வெளியிடுமுன் நாமே கேட்டுத் திருத்த வேண்டும். ஒவ்வொரு வரியும் தோன்றும் நேரம், மறையும் நேரம் இரண்டையும் குறிக்க வேண்டும். பேச்சு மட்டும் போதாது. 'மணி ஒலிக்கிறது', 'சிரிப்பொலி' என்பனவும் எழுதப்பட வேண்டும். பேசுபவர் திரையில் தெரியாவிட்டால் அவர் பெயரும் வேண்டும்.