உடம்பும் புறக்கருவியும்

அநாதியே ஆணவமலத்தாற் பிணிப்புண்டு கிடக்கும் உயிரின் அறிவைச் சிறிது விளக்குதற்பொருட்டு, இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தந்தருளினான் என்பது சித்தாந்த நூற்றுணிபு. அவற்றுள் தனு என்பது உடம்பு. அவ்வுடம்பைக்கொண்டு மக்கள் இயற்றிய எழுத்தாணி முதற் கைப்பேசி ஈறாகிய புறக்கருவிகள் உயிரோடு எங்ஙனம் இயைபுறுகின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஏடெழுதுவோர் இடக்கையில் ஓலையைத் தாங்கி, இடப்பெருவிரல் நகத்தில் இட்ட வெட்டிலே எழுத்தாணியைப் பொருத்தி, வலக்கையாற் கீறுவர். கை பெரிதும் பெயராது நிற்ப, ஓலையே இடப்புறம் நகரும். குத்திப் புள்ளியிடின் ஓலை பொத்துப்போமாகலின், புள்ளியிடாது எழுதுதலே பெருவழக்காயிற்று. எகர ஏகாரங்களின் வேறுபாட்டை வாசிப்போர் தம் பயிற்சியாலே தெளிந்தனர். ஆகவே, உடம்பு கருவியை ஆண்டதோடு, கருவியும் உடம்பைத் தன்வழிப்படுத்தியது. 1849ஆம் ஆண்டு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை தாபித்தார். அச்சுத்தொழில் பரவவே, நகத்தின் வெட்டு ஒழிந்தது. எழுத்தினைப் புரட்டி வாசிக்கும் பழக்கம் அச்சுக்கோப்போர் கண்ணுக்கு வந்தது.

இக்காலத்துக் கைப்பேசியும் இவ்விதிக்குப் புறம்பன்று. அதன் கண்ணாடி, மின்சாரம் கடத்தும் இயல்புடைய நம் விரல் படுதலால் இயங்குவது. உலர்ந்த மரக்குச்சியாற் றொடின் இயங்காது.

அற்றேல், வினாவுக்கு விடை தானே கூறும் இயந்திரமும் இந்நாளில் உளதாகலின், அறிவு கருவிக்கே உரியதெனக் கொள்ளலாமன்றோ எனின், கொள்ளலாகாது. அக்கண்ணாடி நீர்த்துளி பட்டாலும் ஒரோவழி விரல் பட்டாற்போலவே இயங்கும். தொட்டது யாதென அஃது உணராது. விடை கூறும் இயந்திரமும், மக்கள் முன்னரே எழுதிவைத்தவற்றைக்கொண்டு சொற்றொடுப்பதன்றித் தான் ஒன்றை அநுபவித்து உணர்வதன்று. மெய்கண்டதேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில், உடம்பு ஐம்பொறி பிராணவாயு முதலியவற்றின் வேறாய் உயிர் உண்டென நிறுவினார். அறிவுக்குத் துணையாய் அணுக்கமாய் நிற்கும் உடம்பே சடமாயின், அவ்வுடம்பின் துணையாகிய இயந்திரம் சடமென்பது சொல்லவேண்டா.

இவ்வாராய்ச்சியாற் போந்த பயன் யாதெனின், கூறுதும். பன்னிரு திருமுறையும் இன்று உள்ளங்கையில் அடங்குகின்றன. அதனால் மாணாக்கர் சிலர், கருவி பாடக் கேட்டதனையே தாம் ஓதியதாகக் கொள்கின்றனர். வாக்கு கன்மேந்திரியங்களுள் ஒன்று. கருவி ஒலிக்குங்கால் அது தொழிற்படுவதில்லை. சரியை கிரியைகள் கையும் காலும் நாவும் இறைபணியில் நிற்றலால் நிகழ்வன. அவற்றைப் பிறிதொன்றின்பால் ஒப்புவித்தால் தனு தந்த பயன் வீணாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினதாகலின், எதனைச் சார்கின்றோமென்பது சிறிய காரியமன்று.

கருவியை யாம் இகழ்கின்றேமல்லேம். கண்ணொளி குறைந்த எம்போல்வார்க்கு எழுத்தைப் பெருக்கிக் காட்டும் அதன் உபகாரம் பெரிது. பண்ணும் பாடமும் ஆசிரியர்பாற் கேட்டு, நாவாற் பலகால் ஓதி நெஞ்சில் நிறுத்துக. பின்னர்ப் பாடம் ஒப்புநோக்குதற்குக் கருவியைக் கொள்க. இம்முறை பிறழாமை மடாலயங்களிற் கற்பிப்போர் கடனாம். உடம்புதானும் ஒருநாள் வைத்துப் போதற்குரிய கருவியே. அஃது உள்ளபோதே அதனாற் கொள்ளும் பயனைக் கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்.