ஓடுகிற சேர்வரை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: எங்கள் மொத்த வியாபாரக் கடையின் கணக்கெல்லாம் சென்ட்ஓஎஸ் 7 சேர்வரில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பிழையில்லாமல் ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: கட்டாயம் மாற்றுங்கள். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் இலவசத் திருத்தம் வராது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளிடம் சிக்கியது நினைவிருக்கலாம். அங்கே ஓடியது காலாவதியான எக்ஸ்சேஞ்ச் 2013. காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டதால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் தொலைந்தன.

உங்களுக்குப் பழக்கமான வழி அல்மாலினக்ஸ் 9 அல்லது ரொக்கி லினக்ஸ் 9. இரண்டுக்கும் 2032 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். டெபியன் 12உம் நல்லதே; ஆனால் அதன் நீண்டகால ஆதரவு 2028இல் முடிகிறது.

தரவுக் கோப்புறையை அப்படியே நகலெடுக்காதீர்கள். புதிய இயங்குதளத்தில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் மாறியிருப்பதால் தரவுத்தளச் சுட்டிகள் (இன்டெக்ஸ்) பழுதாகி, இருக்கிற வாடிக்கையாளர் பெயரையே தேடலில் காட்டாமல் விடலாம். பீஜி_டம்ப் மூலம் எடுத்து, புதிதாக ஏற்றுங்கள்.

பிறகு, போஸ்ட்கிரெஸின் 5432 வாயிலைப் பில் போடும் கணினிகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லை நிறுத்தி, சாவிக்கோப்பால் மட்டும் நுழையுங்கள். தொல்லை என்று எஸ்ஈலினக்ஸ் பாதுகாப்பை அணைத்துவிடாதீர்கள். காப்புப் பிரதி எடுத்ததும் அந்த வன்தட்டைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பார்த்துவிடுங்கள்.