ஆற்று மீனுக்கும் நிழல் வேண்டும்

குளிர்ந்த ஆறு சால்மனுக்குத்தான் தேவை, நம்மூர் மீன் கத்திரி வெயிலிலேயே வளர்ந்தது என்ற நம்பிக்கை விழுப்புரம், திண்டிவனம் பக்கம் உண்டு. இதில் பாதிதான் உண்மை. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே சால்மன் தவிக்கத் தொடங்கும். 2015 கோடையில் அமெரிக்காவின் கொலம்பியா ஆறு சூடேறியபோது சுமார் இரண்டரை லட்சம் சாக்கை சால்மன்கள் செத்தன. நம் கெண்டைக்கு 30 டிகிரி சுகமானதுதான். ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவது எந்த ஊர் ஆற்றுக்கும் பொது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை தங்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். மீனின் உடலோ அந்தச் சூட்டில் கூடுதலாகக் கேட்கும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். கெண்டைக்கு அந்த வழி இல்லை.

கோடையில் மீன் செத்து மிதந்தால், "எவனோ மருந்து கலந்துட்டான்" என்பார்கள். சில சமயம் அது நிஜமாகவும் இருக்கும். ஆனால் பாசி படர்ந்த தண்ணீரில், புழுக்கமான இரவுக்குப் பின் விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில் செத்திருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது.

அணையில் தண்ணீர் நின்றால் மீனுக்குப் போதும் என்பதும் சரியல்ல. திண்டிவனம் பக்கத்து வீடூர் அணை நிரம்பினாலே 32 அடிதான். கோடையில் மட்டம் இறங்கியதும் அகலப் பரந்து நிற்கும் அந்த ஆழமற்ற தண்ணீர் சீக்கிரமே சூடாகிவிடும்.

எல்லாவற்றிலும் கெடுதலான நம்பிக்கை, மணலை அள்ளினால் ஆறு ஆழமாகித் தண்ணீர் குளிரும் என்பது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் ஆண்டில் சில மாதங்களே மேலே ஓடுகின்றன. மற்ற நாளெல்லாம் மணலுக்கடியில்தான் ஓட்டம். வெயில் படாத அந்த நீர், மே மாதத்திலும் மேல் தண்ணீரைவிடக் குளிர்ந்திருக்கும். அது ஊறி வரும் மடுக்களில்தான் ஆற்று மீன்கள் அடுத்த மழைவரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மணலை ஆழத் தோண்டினால் நீர்மட்டம் இறங்கி அந்த ஊற்று அறுந்துபோகும். மிஞ்சும் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் வெயிலில் கொதிக்கும்.

கரை மரங்கள் தண்ணீரைக் குடித்துவிடும் என்று வெட்டுகிறார்கள். குடிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் குறுகிய மடுவின்மேல் நேர் வெயில் விழாமல் காப்பது அவற்றின் நிழலே. சால்மன் ஆறுகளிலும் கரையோரம் மரம் நடுவதுதான் முக்கியமான வைத்தியம். நமக்கோ நீர்மருதும் புங்கனும் நாவலும் ஏற்கெனவே நிற்கின்றன. கரையைச் சீரமைக்க இயந்திரம் இறக்குபவர்கள், மடுக்களை ஒட்டிய மரங்களையாவது விட்டுவைக்க வேண்டும். மடுவின் மணலைத் தொடவே கூடாது.