சரக்கு வண்டி: பாடி எத்தனை அடி வேண்டும்?

கடைக்குச் சொந்த வண்டி வாங்கப் போகும் நம் வணிக அன்பர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து, "பாடி எத்தனை அடி?" என்கிறார்கள். ஏழடிக்கும் பத்தடிக்கும் மாதத் தவணையில் அதிக வித்தியாசம் இல்லை என்று விற்பனையாளர் கணக்குப் போட்டுக் காட்டுவார். "பெரியதாகவே இருக்கட்டும், எப்போதாவது உதவும்" என்று நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்த "எப்போதாவது" வருவதற்குள், சரக்கில் போட வேண்டிய பணம் தவணையாகப் போய்க்கொண்டிருக்கும்.

மளிகைச் சரக்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் இடம் நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும். 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டியை, அதாவது நம் குட்டி யானையை, எடுத்துக்கொள்வோம். பாடி சுமார் ஏழேகால் அடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஏற்றும் எடை மாடலுக்கு மாடல் மாறும்; கணக்குக்கு 750 கிலோ என்று வைப்போம். 15 கிலோ எண்ணெய் டின்னின் அடிப்பாகம் ஏறக்குறைய ஒன்பதேகால் அங்குலச் சதுரம். நீளவாக்கில் 9, அகலவாக்கில் 6, ஆக 54 டின்கள் ஒரே அடுக்கில் நிற்கும். தகரத்தோடு டின் 16 கிலோ என்றால் மொத்தம் 864 கிலோ! இரண்டாவது அடுக்கைத் தொடுவதற்கு முன்பே எடை தாண்டிவிட்டது. சர்க்கரை என்றால் 50 கிலோ மூட்டை 15. அரிசி என்றால், 2022 ஜூலை வரி மாற்றத்துக்குப் பின் பரவலாக வந்த 26 கிலோ பையில் 28. அதற்கு மேல் பாடியில் இடம் தெரிகிறதே என்று ஏற்றினால் பட்டையும் டயரும் பிரேக்கும்தான் விலை கொடுக்க வேண்டும்.

சிப்ஸ், அப்பளம், டிஷ்யூ பேப்பர், பிளாஸ்டிக் சாமான் எடுப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். கூரை உயரத்துக்கு அட்டைப்பெட்டி அடுக்கினாலும் கால் டன் வராது. அவர்களுக்கு எட்டு, ஒன்பது, பத்தடி பாடி உண்மையில் பயன்படும். ஒரு நடையில் முடிவது இரண்டு நடையாகாது.

ஆகவே கடந்த மூன்று மாத கொள்முதல் பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நடையின் எடையையும் கூட்டிப் பாருங்கள். நமக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர் தீபாவளிச் சரக்கை மனதில் வைத்துப் பத்தடி வண்டி வாங்கினார். ஆண்டில் நான்கைந்து நாள் அது நிறைந்தது. மற்ற நாளெல்லாம் கால் வண்டிச் சரக்கோடு ஓடியது. அந்த நான்கைந்து நாளுக்கு வாடகை வண்டி பிடித்திருந்தால் தவணைப் பணத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. இதை அவரே நம்மிடம் சொன்னார்.

விளம்பரத்தில் போடும் எடையை அப்படியே நம்பக் கூடாது. ஆர்.சி.யில் வண்டியின் மொத்த எடையும் வெற்று எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் டிரைவர், கூட வரும் ஆள், தார்ப்பாய் எல்லாம் அடங்கும். வாங்கிய பின் கூண்டு அடித்தாலோ கன்டெய்னர் பெட்டி வைத்தாலோ, அந்த இரும்பின் எடையும் சரக்கிலிருந்துதான் கழியும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி பர்மிட் தேவையில்லை. பத்தடி வண்டிகளில் சில இந்த எல்லைக்குள் நிற்கின்றன, சில தாண்டுகின்றன. முன்பணம் கொடுக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சிறிய பாடியில் நீளமான சரக்கை வெளியே நீட்டிக்கொண்டு போகலாம் என்பதும் சரியல்ல. 2019 திருத்தத்துக்குப் பின், சரக்கு பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம். எடை கூடினாலும் 20,000. அத்துடன் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு நடையின் லாபம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா!

நீண்ட பாடியில் இன்னொரு சங்கதி. இறக்க வசதி என்று கனமான மூட்டைகளைப் பின்கதவு ஓரமாகவே போடுவது நம் ஆட்களின் பழக்கம். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடி தளரும். கனமான சரக்கு கேபினை ஒட்டி முன்னால் இருக்க வேண்டும். இறக்கக் கொஞ்சம் நேரம் ஆகத்தான் செய்யும்.

கடைசியாகத் தெரு. மதுரை கீழமாசி வீதி போன்ற இடத்தில் காலை பத்து மணிக்கு வண்டி திருப்பியவர்களுக்கு ஓரடியின் அருமை தெரியும். ஷோரூமில் ஓட்டிப் பார்க்க வண்டி கேட்டால் கொடுப்பார்கள். அதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாமல், எதிர்க்கடையில் சரக்கு இறங்கும் நேரமாகப் பார்த்து உங்கள் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, பின்கதவைத் திறந்து பாருங்கள்.