விதைக் கன்றும் குளோன் கன்றும்

மரப்பயிர் செய்யலாம் என்று நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்க முற்படுகிற குடியானவர், தேக்கா, சவுக்கா, மலைவேம்பா என்ற ஒரு கேள்வியிலேயே தம் யோசனை முழுவதையும் செலவழித்துவிட்டு, வாங்கப்போகும் கன்று எந்த மரத்தின் சந்ததி என்று விசாரிக்காமலே நாற்றங்காலுக்கு வண்டி அனுப்பிவிடுகிறார். மாட்டுச் சந்தையில் தாயின் கறவையைக் கேட்டறியாமல் கிடாரிக்கு முன்பணம் கொடுக்காத அதே மனிதர்தாம் இவர். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கன்றுகளுக்கிடையே உள்ள தாரதம்மியம், சில சமயங்களில் இரண்டு இனங்களுக்கிடையே உள்ளதைக் காட்டிலும் பெரிதாக இருக்கும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு மரம் நெடுநெடுவென்று உயர்வதற்கும் அதன் அண்டை மரம் சோனியாக நின்றுவிடுவதற்கும் மண், நீர், இடைவெளி, பிறவி எனக் காரணங்கள் பல. இவற்றுள் பிறவிக்குரிய பங்கு எல்லாக் குணங்களிலும் சமமாக இல்லை. கட்டையின் அடர்த்தி பெரும்பாலும் வம்சத்தைப் பின்பற்றுவது. தண்டு நேராக வளர்வதும் கணிசமாக அப்படியே. பருமனோ சூழ்நிலைக்கு வெகுவாக வசப்படுவது. ஆகவே வரப்போரத்தில் தன்னந்தனியாக நின்று, நாற்புறமும் வெயிலையும் பக்கத்து வயலின் எருவையும் அனுபவித்துப் பெருத்த மரத்தைக் கண்டு வியந்து, அதனடியில் விதை பொறுக்கி வருகிறவருடைய பிரயாசை பெரும்பாலும் வீணே. அண்டை வயலின் எரு விதைக்குள் இறங்குவதில்லை. தோப்பின் நடுவே, ஒரே வயதும் ஒரே இடைவெளியும் உள்ள மரங்களோடு ஒப்பிட்டு, அவற்றை விஞ்சி நிற்கும் மரத்தையே ஆராய்ச்சியாளர் தாயாகத் தேர்ந்தெடுப்பதன் தாத்பரியம் இதுதான்.

விதையா, குளோனா என்ற விவகாரத்தைச் சவுக்கில் வைத்துப் பார்ப்பதே தெளிவு தரும். நம் கடலோர மணற்பாங்கில் நெடுங்காலமாக நட்டுவந்தது விதைச் சவுக்கு. அதன் மகரந்தம் காற்றில் வருவதாகையால், ஒரு காய்க்குள் அடங்கிய விதைகளுக்குத் தாய் ஒன்றாயினும் தந்தை பலர். அதன் விளைவாக, ஒரு தோப்பிலேயே விரைந்து முந்துகிறவையும், நிழலில் அமுங்கி விறகுக்கே உதவுகிறவையும் கலந்து நிற்கும். குளோன் கன்றுக்கோ இந்தக் கலப்பு இல்லை. சவுக்கில் ஊசியிலை என்று நாம் எண்ணுவது உண்மையில் இலையன்று, கணுக்கணுவாகக் கழன்று வரும் பசுந்தண்டு. இலைகள் கணுவைச் சுற்றிச் சின்னஞ்சிறு செதில்களாகச் சுருங்கியிருக்கும். அந்தக் கொழுந்துக் குச்சியை விரல் நீளத்துக்கு எடுத்து, அடிப்பக்கத்தை வேரூக்கிப் பொடியில் தோய்த்து, பாலித்தீன் கூடாரத்தின் ஈரத்தில் வைத்தால் சில வாரங்களில் வேர் இறங்கிவிடுகிறது. பிறக்கும் கன்று தாயின் அச்சு அசலான பிரதி.

இந்தோனேசியத் தீவுகளுக்குரிய ஜுங்குனியானா சவுக்கு நம் நாட்டுக்கு முதலில் வந்தது இந்த வழியில்தான். தாய்லாந்தில் போத்தாகவே பெருகியிருந்த ஓர் ஆண் கலப்பு மரம் 1950களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவரப்பட்டது. ஆண் ஆனதால் அது காய்ப்பதில்லை. ஆகவே அதிலிருந்து உண்டான அத்தனை மரங்களும் ஒரே மரத்தின் மறுபதிப்புகளே. பிற்காலத்தில் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் தேர்ந்த குளோன்களைப் பரிசோதித்து வெளியிட்டதால், இன்றைய விவசாயிக்குத் தேர்வு விரிந்திருக்கிறது. சாரக்கழியும் காகிதக்கூழும் கேட்கிற சந்தைக்கு ஒரே பருமனில் வளரும் தோப்பு பெரும் சௌகரியம். இந்த இடத்தில் குளோனுக்கே என் வாக்கு.

ஆயினும் ஒற்றுமை என்பது பூச்சிக்கும் நோய்க்கும் கூடச் சௌகரியமே. 1980களில் சவுண்டல் மரத்தைத் தாக்கிய ஒரு நுண்பூச்சி, ஹவாயிலிருந்து பசிபிக் தீவுகளைக் கடந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியா வரை வந்து கொழுந்துகளைக் கருக்கிவிட்டது. இதில் கவனிக்கத்தக்கது, அந்தத் தோப்புகள் குளோனால் ஆனவையல்ல என்பது; சவுண்டல் தன் மகரந்தத்தையே தான் ஏற்கும் இயல்புடையதாகையால், விதையில் வந்தும் ஏறக்குறைய ஒரே வார்ப்பாக நின்றது. மலேசியாவின் சபா மாநிலத்துக்கு 1966இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாஞ்சியம் மரத்தின் கதையும் இதற்கு இனமானதே: மிகச் சில மரங்களின் விதையிலிருந்து தொடங்கி, உறவுக்குள்ளேயே மணந்து பெருகிய அந்தத் தோப்புகளைக் காட்டிலும், பின்னர் பப்புவா நியூகினியிலிருந்து தருவித்த விதை பரிசோதனைகளில் நன்றாக வளர்ந்தது. எனவே விதை என்றால் வேற்றுமை, குளோன் என்றால் ஆபத்து என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மையே. எத்தனை தாய்மரங்கள் என்பதுதான் விஷயம்.

தேக்கின் நியாயம் வேறு. வைரம் பாய்வதற்கு இரண்டு தலைமுறை காத்திருக்கும் மரத்தை மூன்றாண்டுச் சவுக்கின் கணக்கால் அளப்பது விவேகமாகாது. தேக்கின் முதல் பூங்கொத்து தலைமைத் தளிரின் நுனியிலேயே தோன்றுவதால், அதற்குக் கீழுள்ள மொட்டுகள் இரண்டும் கிளைத்துத் தண்டு அங்கே கவட்டையாகிவிடுகிறது. ஆகவே தாமதமாகப் பூக்கும் வம்சத்தில்தான் நீண்ட, ஒற்றைத் தண்டு கிடைக்கும். இளமையிலேயே பூத்துக் குலுங்கும் தேக்கின் விதை எடுப்பதற்கு எளிது, ஆனால் எடுக்கத் தகுந்ததன்று. 1990களில் திசு வளர்ப்புத் தேக்கு என்ற பெயரால் பல கம்பெனிகள் செய்த விளம்பரங்களைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். திசு வளர்ப்பு பெருக்கும் உபாயமேயன்றி, உயர்த்தும் உபாயமன்று; தாய் மட்டமாயின் லட்சம் கன்றும் மட்டமே. தேக்குக்கு நல்ல விதைத் தோட்டத்து விதையில் வளர்ந்த கன்றுகளை நெருக்கமாக நட்டு, சில ஆண்டுகளில் கோணலையும் சோனியையும் களைந்துவிடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். விதைத் தோப்பில் இடைமரம் களைவது தேர்வாகிறது; ஒரே குளோன் நின்ற தோப்பிலோ அது வெறும் இடம் விடுதலாகவே முடியும்.

மலைவேம்பின் விதை கெட்டியான கொட்டைக்குள் ஒளிந்து, முளைப்பதற்கே முரண்டு பிடிப்பது. முளைத்தவையும் ஒன்றுபோல் வளர்வதில்லை. ஒட்டுப்பலகை ஆலைக்கு முடிச்சில்லாத தண்டு வேண்டுமாதலால், இளமையில் பக்கக் கிளைகளைக் கழித்துவர மனமில்லாதவர் இதில் இறங்காமலிருப்பது நலம். தைல மரத்திலோ கலப்பின மரத்தின் விதையை வாங்கவே கூடாது; அடுத்த தலைமுறையில் அதன் வீரியம் சிதறிவிடும்.

நாற்றங்காலுக்குப் போகிறவர் கன்றின் உயரத்தைக் கண்டு மயங்காமல், ஒன்றிரண்டை உறையிலிருந்து உருவிப் பார்த்து, வேர் அடியில் சுருண்டிருந்தால் அந்தத் தொகுதியை விலக்கிவிட வேண்டும். ஐந்தாறு ஆண்டுக்குள் வெட்டி ஆலைக்கு அனுப்பும் மரமானால் குளோன் வாங்குங்கள். ஆனால் ஒரே குளோனை நிலம் முழுவதும் நிரப்பாமல், மூன்று நான்கை வாங்கித் தனித்தனிப் பகுதியாக நடுங்கள். பல ஆண்டு நிற்கும் மரமானால் பல தாய்மரங்களின் விதையில் வந்த கன்றையே கேளுங்கள். தாய்மரம் எது என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத நாற்றங்காலில் கன்று இனாமாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.