ஓட்டுப் போட்டது மக்கள், கலைத்தது யார்?



குடிமையியல் பாடத்தில் 'சட்டப்பிரிவு 356' என்று ஒரு வரி வரும். மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டு வருவதற்கான பிரிவு அது. நானும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். தாத்தாவிடம் கேட்டபோதுதான் அதன் கனம் புரிந்தது.

1975 ஜூன் 25 அன்று, இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, நாடு முழுவதும் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு இதை எதிர்த்தது. 1976 ஜனவரி 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. ஊழல் புகார்களைக் காரணம் காட்டினார்கள். விசாரிக்க சர்க்காரியா ஆணையமும் வந்தது. ஆனால் 1971இல் அமைந்த அந்த ஆட்சியின் ஐந்தாண்டு முடியச் சில வாரங்களே பாக்கி. தேர்தல் வைத்திருந்தால் மக்களே தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். தேர்தல் நடந்ததோ 1977 ஜூனில்!

"யாரும் கேக்கலையா தாத்தா?" என்றேன்.

"பேப்பர்லயே வராதப்ப ஊருக்கு எப்படிப்பா தெரியும்? டீக்கடையில கூட மெதுவாத்தான் பேசுவோம்" என்றார்.

இதை ஒரே கட்சி மட்டும் செய்யவில்லை. 1977இல் ஜனதா அரசு ஒன்பது மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியைக் கலைத்தது. 1980இல் மீண்டும் வந்த இந்திரா காந்தி அரசும் ஒன்பது ஆட்சிகளைக் கலைத்தது. அதில் எம்.ஜி.ஆர். ஆட்சியும் ஒன்று.

இதற்குக் கடிவாளம் போட்டது உச்ச நீதிமன்றம். 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில், பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், கலைத்தது சரியா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன்பின் கலைப்புகள் குறைந்தன.

நம் குரும்பலூர் பேரூராட்சிக்கு வருவோம். தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. வார்டு வரையறை, இடஒதுக்கீடு வழக்குகள் என்று இழுத்து, தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்? நானும் கவனிக்கவில்லை.

மேலே கலைத்தாலும், கீழே தேர்தல் தள்ளிப்போனாலும், பாதிக்கப்படுவது ஓட்டுப் போடும் மக்கள்தான். தேர்தல் இல்லாமல் இருப்பது நமக்குப் பழகிப்போவதுதான் பெரிய ஆபத்து.

நண்பர்களே! பதினெட்டு வயதில் ஓட்டு வரும். கேள்வி கேட்க வயது எதற்கு? இன்றே தொடங்குவோம்!