தவணைக்கு வாகனம் வாங்குமுன்

கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில், வயலை இழந்த குடும்பங்கள் இன்று பல தொழில்களால் பிழைக்கின்றன. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் சிலருக்கு வயலுக்குப் போகும் வழி அடைபட்டது. 2004 டிசெம்பர் 26 கடற்கோள் வேறு சிலரின் வீட்டையும் வளவையும் கொண்டுபோனது. இப்படி இடம்பெயர்ந்த வீட்டில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "மகனுக்கு ஒரு ஆட்டோ எடுத்துக் கொடுத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும்" என்பார்கள். ஓரிரு ஏக்கர் மீண்டவர்களோ, "ஒரு லேண்ட்மாஸ்டர் இருந்தால் கூலிக்கும் உழலாம்" என்பார்கள்.

இரண்டும் நல்ல எண்ணமே. இலங்கையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ளன. அவற்றை நம்பி எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. ஆனால் வாகனம் சோறு போடவும் செய்யும், இருக்கிற சோற்றைப் பறிக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது பெரும்பாலும் கையெழுத்துப் போடும் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆகவே அந்த நாளுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. வாகனம் யாருடையது?

லீசிங் என்பது சாதாரணக் கடன் அல்ல. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி, நிறுவனமே வாகனத்தை வாங்கி நமக்குக் குத்தகைக்குத் தருகிறது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று நிறுவனத்தின் பெயரே இருக்கும். நம் வாசலில் நின்றாலும், நம் பிள்ளையின் பெயரைக் கண்ணாடியில் எழுதியிருந்தாலும், கடைசித் தவணை கட்டி, நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தைப் பெற்று, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்கும் வரை அது நமது சொத்து அல்ல. கடைசித் தவணையோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவோர் பலர். பின்னர் விற்கப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

2. உண்மை விலை என்ன?

முகவர் "வருடத்துக்கு 15 வீதம்தான்" என்று சொல்வார். "எந்த முறையில் 15 வீதம்?" என்று உடனே கேளுங்கள். நிலையான வட்டி, குறைந்து செல்லும் வட்டி என இரு முறைகள் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். 6 இலட்சம் ரூபாவை மூன்று வருடத்துக்கு, 15 வீத நிலையான வட்டிக்கு எடுக்கிறோம்.

ஒரு வருட வட்டி: 90,000 ரூபா
மூன்று வருட வட்டி: 2,70,000 ரூபா
கட்ட வேண்டிய மொத்தம்: 8,70,000 ரூபா
மாதத் தவணை (36 தவணை): சுமார் 24,167 ரூபா

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாம் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கட்டுகிறோம். ஒன்றரை வருடம் போனபின் முதலில் பாதியைக் கட்டியாகிவிட்டது. ஆனாலும் முழு 6 இலட்சத்துக்கும் வட்டி போடப்படுகிறது. மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால், அது வருடத்துக்குச் சுமார் 26 வீதம் ஆகும். ஆகையால் ஓரிடத்தில் சொல்லும் 15 வீதம், இன்னோரிடத்தில் சொல்லும் 22 வீதத்தை விடக் கூடுதலாக இருக்கலாம். வீதத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபா கட்டுவோம் என்று எழுத்தில் கேட்டு, இரண்டு மூன்று இடங்களின் மொத்தங்களை ஒப்பிடுங்கள். ஆவணக் கட்டணம், காப்புறுதி, தாமதக் கட்டணம் ஆகியவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வட்டியை விலக்குவோருக்கு இஜாரா, முராபஹா முறைகளில் வாகனம் தரும் நிறுவனங்கள் உண்டு. 2011இல் தொடங்கிய அமானா வங்கி முழுமையாக இஸ்லாமிய முறையில் நடப்பது. அங்கும் இலாபத்தோடு சேர்ந்த மொத்தத் தொகை எவ்வளவு, தவணை தவறினால் என்ன நடக்கும் என்று கேட்பதில் பிழையில்லை.

3. தவணை எங்கிருந்து வரும்?

மேலே சொன்ன தவணையை ஆட்டோ ஓட்டிக் கட்டுவதென்றால், வெள்ளிக்கிழமை ஓய்வு போக மாதம் 26 நாள் வைத்துக்கொள்வோம். பெற்றோல் போட்ட பின் ஒவ்வொரு நாளும் சுமார் 930 ரூபா தவணைக்கென்றே ஒதுக்க வேண்டும். டயர், ஒயில், திருத்த வேலை, காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை அதற்கு மேல். வீட்டுச் செலவு அதற்கும் மேல். நீங்கள் ஓடப்போகும் தரிப்பிடத்தில் ஏற்கெனவே எத்தனை ஆட்டோக்கள் நிற்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

விவசாயிக்கு இன்னொரு இடர் உண்டு. வேளாண்மைக் காசு மாதாமாதம் வராது. பெரும்போகம், சிறுபோகம் என இருமுறைதான் வரும். தவணையோ மாதாமாதம் வரும். ஆறு மாதத் தவணை 1,45,000 ரூபா. ஒவ்வொரு அறுவடையிலும் இதை முதலில் ஒதுக்க முடியுமா? வெள்ளம் வந்த போகத்திலும் முடியுமா? போகத்துக்கு ஒருமுறை கட்டும் ஒழுங்கு உண்டா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். லேண்ட்மாஸ்டர் என்றால், உங்கள் வயலுக்கு ஒரு போகத்தில் உழவுக்கூலியாகக் கொடுக்கும் பணத்தையும் அறுமாதத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வயல் சிறிதென்றால் கூலிக்குப் பிடிப்பதே மலிவாக இருக்கும். நாலைந்து குடும்பங்கள் எழுத்து ஒப்பந்தத்துடன் கூட்டாக வாங்குவதும் ஒரு வழி.

நல்ல பரீட்சை ஒன்று: வாங்குவதற்கு முன் மூன்று மாதம் அந்தத் தவணைத் தொகையைச் சேமிப்புக் கணக்கில் போட்டுப் பாருங்கள். போட முடியாவிட்டால், இப்போது வாங்க வேண்டாம். போட முடிந்தால், அந்தப் பணமே முற்பணத்துக்கு உதவும்.

4. காலம் மாறினால்?

2020 மார்ச்சில் கொரோனாவினால் ஓட்டம் நின்றபோது, முச்சக்கர வண்டிகளுக்கான லீசிங் தவணைகளுக்கு அரசு ஆறு மாத ஒத்திவைப்பு அறிவித்தது. ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. பின்னர் கட்டத்தான் வேண்டியிருந்தது. 2021 டிசெம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. வரிசையில் நின்றும் கிடைக்காத நாட்கள் இருந்தன. வாகனம் நின்றது, தவணை நிற்கவில்லை.

வாகன விலையும் அப்படியே. 2020இல் இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. ஏறிய விலை இறங்கலாம், எழுதிய கடன் இறங்காது. ஆகவே நட்டஈட்டுப் பணம் முழுவதையும் முற்பணமாகக் கொட்டிவிடாமல், இரண்டு மூன்று மாதத் தவணையைக் கையிருப்பாக வைத்திருங்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊரை விட்டு ஓடும்போது வயல் பின்னால் நின்றுவிடும், கடன் கூடவே வரும்.

5. பழைய வாகனம் வாங்கும்போது

- அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள்.
- புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீங்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.
- "ஓப்பன் பேப்பர்" என்று பெயர் மாற்றாமல் ஓட வேண்டாம். கைமாறி 14 நாட்களுக்குள் மாற்றத்தை அறிவிக்க வேண்டும். பெயர் மாறாவிட்டால், விபத்து நடந்தால் விற்றவருக்கும் தொல்லை, வாங்கியவருக்கும் தொல்லை.
- அடையாள அட்டை தொலைந்திருந்தால் கிராம அலுவலர் மூலம் முதலில் அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். வேறொருவர் பெயரில் வாங்குவது பிற்காலச் சண்டைக்கு வித்து.

6. தவணை தவறினால்

ஒளிய வேண்டாம். தவறப்போகிறது என்று தெரிந்தவுடனேயே நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, தவணையை நீட்டிக் கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். தவணை கட்ட இன்னோர் இடத்தில் கிழமைக் கடன் எடுக்காதீர்கள். பெண்களின் நகை அடகுக்குப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அநீதி நடந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம். பிணைக்குக் கையெழுத்துப் போடுவோரும் அறிக: கடன்காரர் கட்டாவிட்டால் அந்தக் கடன் உங்களுடையது.

கோபுரம் கட்ட நினைப்பவனைப் பற்றி லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்ன உவமை, தொடங்குமுன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றியது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலுள்ள மிக நீண்ட வசனம், கடனை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியது. இரு வேதங்களும் நம் வீட்டுக் கணக்குக் கொப்பியை ஒரு சிறிய விடயமாக எண்ணவில்லை.

குழுவாகக் கலந்துரையாட:

1. உங்கள் கிராமத்தில் வாகனத்தால் முன்னேறிய குடும்பங்களும் நொடிந்த குடும்பங்களும் உண்டா? வித்தியாசம் எதில் இருந்தது?
2. 4 இலட்சம் ரூபாவை இரண்டு வருடத்துக்கு 15 வீத நிலையான வட்டிக்கு எடுத்தால் மாதத் தவணை எவ்வளவு? (விடை: சுமார் 21,667 ரூபா.)
3. வாகனம் வாங்கும் முடிவில் வீட்டுப் பெண்களின் பேச்சுக்கு இடமிருக்கிறதா? இல்லையென்றால் ஏன்?